இருநூறு கலைச்சொற்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்தவள் நான். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இப்போது அஞ்சல்வழியில் ஆங்கில இலக்கிய இளங்கலையில் சேர்ந்திருக்கிறேன். கதைகளையும் கவிதைகளையும் அகராதியின் துணையோடு ஒருவாறு படித்துவிடுகிறேன். என்னைத் திணறடிப்பவை கலைச்சொற்கள்தான். நவுன், கிளாஸ், ஜெரண்ட், ஆஸ்பெக்ட் என்று இலக்கணத்தில் ஒரு நூறு, மெட்டஃபர், மெட்டானிமி, ஐரனி, பேதட்டிக் ஃபேலசி என்று இலக்கியத்தில் ஒரு நூறு, ஆக இருநூறு சொற்களுக்கு வரையறை எழுதி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வரையறையைக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு வாக்கியத்தையோ நான்கு வரிக் கவிதையையோ கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கை நின்றுவிடுகிறது.

சென்ற தேர்வில் ஒரு கவிதைப் பகுதியைக் கொடுத்து அதிலுள்ள அணிகளை விளக்கச் சொல்லியிருந்தார்கள். பெர்சானிஃபிகேஷன் உள்ளது, அலிட்டரேஷன் உள்ளது, மெட்டஃபர் உள்ளது என்று வரிசையாக எழுதினேன். மூன்றும் சரி என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பாதி மதிப்பெண்கூட வரவில்லை.

எனக்குக் குறிப்பாக மூன்று ஐயங்கள். நவுனும் சப்ஜெக்டும் ஒன்றா? ஆங்கிலத்தில் பன்னிரண்டு டென்ஸ் என்று ஒரு நூலும், இரண்டே டென்ஸ் என்று இன்னொரு நூலும் சொல்கின்றன, எதை ஏற்பது? தமிழ் இலக்கணம் எனக்கு நன்றாக வரும். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் இணையை எழுதிவைத்துப் படிக்கலாமா, அது குழப்பத்தைத்தான் கூட்டுமா? பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நோட்டில் இருக்கும் வரையறைகளில் பெரும்பாலானவை சரியாகவே இருக்கும். சிக்கல் அவை ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. ஒரு கலைச்சொல் தோன்றுவதே ஒன்றை அதன் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காகத்தான். மெட்டஃபர் என்றால் என்ன என்று தெரிந்திருப்பது ஒன்று; இந்த வரியில் இருப்பது மெட்டஃபரா மெட்டானிமியா என்று முடிவு செய்வது வேறு. இரண்டாவதற்கு வரையறை போதாது, இரண்டையும் பிரிக்கும் கேள்வி வேண்டும். ஒப்புமையால் ஒன்று மற்றொன்றாகச் சொல்லப்படுகிறதா, அல்லது தொடர்பால் ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு ஆகிவருகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. இருநூறு வரையறைகளுக்குப் பதிலாக இத்தகைய நாற்பது கேள்விகள் உங்களிடம் இருந்தால் தேர்வுத்தாளின் முன் கை நிற்காது என்பது என் எண்ணம்.

இதை ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம். நானே எழுதிய எளிய வாக்கியம்: ‘தி ஓல்ட் டோர் கம்ப்ளெயின்ட் ஆல் நைட்.’ அந்தப் பழைய கதவு இரவெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தது. இதில் ‘டோர்’ என்ன என்று கேட்டால் நவுன் என்று ஒருவர் சொல்லலாம், சப்ஜெக்ட் என்று மற்றொருவர் சொல்லலாம். முதலாமவர் அந்தச் சொல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை சொல்கிறார். இரண்டாமவர் அது இந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்கிறார். இன்னும் துல்லியமாகச் சொன்னால் சப்ஜெக்ட் என்பது ‘டோர்’ என்ற ஒற்றைச் சொல்கூட இல்லை, ‘தி ஓல்ட் டோர்’ என்ற மூன்று சொல் சேர்ந்த தொடர் முழுவதுமே சப்ஜெக்ட். தமிழ் இலக்கணம் படித்த உங்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது. ‘கதவு’ பெயர்ச்சொல், ‘கதவு திறந்தது’ என்னும்போது அது எழுவாய், ‘கதவைத் திறந்தான்’ என்னும்போது அது செயப்படுபொருள். பெயர்ச்சொல் என்பது கதவுக்கு என்றும் உள்ள இயல்பு, எழுவாய் என்பது அந்த வாக்கியம் முடிகிறவரை அது வகிக்கும் பொறுப்பு.

அதே வாக்கியத்தின் கடைசித் தொடரைப் பாருங்கள். ‘ஆல் நைட்’ என்பதில் ‘நைட்’ நவுன்தான், ஆகவே அது நவுன் ஃபிரேஸ். ஆனால் அது செய்யும் வேலை அட்வெர்பின் வேலை, எவ்வளவு நேரம் என்று சொல்லும் வேலை. இனம் பெயர், பணி வினையடை. ஃபார்ம், ஃபங்ஷன் என்று ஆங்கில இலக்கண நூல்கள் பிரிப்பது இதைத்தான். இந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டால் உங்கள் நோட்டிலுள்ள இலக்கணச் சொற்கள் தாமாகவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றுவிடும். நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், ப்ரெபொசிஷன் ஆகியவை ஒரு பக்கம். சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்வெர்பியல் ஆகியவை மறுபக்கம். குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரு கட்சிகளின் உறுப்பினர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் படிப்பதால் வருவது.

ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு அதன் பணியைச் சொல்லிவிடுகிறது. ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் ஓடியது பூனைதான். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல் நிற்கும் இடம் செய்கிறது; இடத்தை மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். ‘ஐ–மீ’, ‘ஹீ–ஹிம்’, ‘ஹூ–ஹூம்’ போன்ற சில பிரதிப்பெயர்களில் மட்டும் பழைய வேற்றுமையின் எச்சம் இன்னும் நிற்கிறது. அதனாலேயே ஒரே சொல் உருவம் மாறாமல் இனம்விட்டு இனம் தாவுவதும் ஆங்கிலத்தில் எளிது. ‘வாட்டர்’ குடிக்கும்போது பெயர், ‘வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்னும்போது வினை. ஆகவே ஒரு சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுத்து, இது நவுனா வெர்பா என்று கேட்பது ஆங்கிலத்தில் பல சமயம் விடையில்லாத கேள்வி.

சொல்லினங்கள் எட்டு என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த எட்டு இயற்கையின் விதி என்று எண்ண வேண்டியதில்லை. தயோனிசியஸ் த்ராக்ஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணம் எட்டு இனங்களைச் சொன்னது. அதில் பார்ட்டிசிபிள் தனி இனம், அட்ஜெக்டிவ் பெயருக்குள் அடக்கம். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆகவே அதை எடுத்துவிட்டு, கணக்குக் குறையாமல் இருக்க வியப்பிடைச்சொல்லைத் தனி இனமாக்கி எட்டை நிரப்பினார்கள். ஆங்கில இலக்கணம் எழுதியவர்கள் லத்தீன் சட்டையை எடுத்து ஆங்கிலத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். அங்கங்கே தையல் பிரித்தார்கள், துணி சேர்த்தார்கள். 1762இல் ராபர்ட் லௌத்தும் 1795இல் லிண்ட்லி மரேயும் எழுதிய இலக்கணங்களில் இனங்கள் ஒன்பது. இன்றைய நூல்கள் ‘தி’, ‘மை’, ‘திஸ்’ போன்றவற்றை டிடெர்மினர் என்று தனியாக வைக்கின்றன, பழைய பள்ளி நூல்களோ ‘மை’ என்பதை அட்ஜெக்டிவ் என்கின்றன. நான்கே சொல்லினங்களைக் கொண்டு நன்னூல் தமிழை விளக்கிவிடவில்லையா? ஒரு நூலின் பெயரீட்டை மற்றொரு நூலில் தேடும்போது நம் அறிவில் குறை என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அது நூலாசிரியர்கள் வேறு வேறு அலமாரியில் அடுக்கியதால் வரும் வேறுபாடு மட்டுமே.

டென்ஸ் எத்தனை என்ற உங்கள் ஐயமும் இதே வகைதான், ஆனால் சற்று ஆழமானது, நிதானமாகப் பார்க்கத் தக்கது. டென்ஸ் என்பதற்குக் காலம் என்று எழுதியவுடனேயே நாம் வழுக்கிவிடுகிறோம், ஏனென்றால் உலகில் ஓடும் காலமும் வினைச்சொல்லின் வடிவமும் தமிழில் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. ஆங்கிலத்தில் முன்னது டைம், பின்னது டென்ஸ். வினைச்சொல்லின் உருவத்தை மட்டும் பார்த்தால் ‘வாக்’, ‘வாக்ட்’ என்று இரண்டு வடிவங்கள்தான் காலத்தால் எதிர் நிற்கின்றன. எதிர்காலத்துக்கென்று வினையில் ஒட்டும் விகுதி ஏதுமில்லை. ‘வில்’ என்ற துணைவினையை வைத்துச் சமாளிக்கிறார்கள். அந்த ‘வில்’லும் எதிர்காலத்துக்கு மட்டும் உழைப்பதில்லை. வாசலில் மணி அடித்தால் ‘தட் வில் பி தி போஸ்ட்மேன்’ என்கிறார்கள், தபால்காரர் இப்போதே வாசலில்தான் நிற்கிறார். நாமும் ‘தபால்காரராக இருக்கும்’ என்றுதானே சொல்கிறோம். ‘இருக்கும்’ வடிவத்தால் எதிர்காலம், பொருளால் இப்போதைய ஊகம்.

இரண்டு என்று சொல்பவர்கள் வடிவத்தை எண்ணுகிறார்கள். ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய மூன்று துணையாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் இந்தப் பக்கம். பன்னிரண்டு என்று சொல்பவர்கள் முக்காலத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்ற நான்கால் பெருக்குகிறார்கள். அந்த நான்கும் உண்மையில் டென்ஸ் இல்லை, ஆஸ்பெக்ட். செயல் எப்போது நடந்தது என்பதைவிட, அதை முடிந்ததாகப் பார்க்கிறோமா, நடந்துகொண்டிருப்பதாகப் பார்க்கிறோமா என்ற பார்வைக்கோணத்தைச் சொல்பவை. பயிற்சிக்குப் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை வசதியானது, வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்துக்கு இரண்டு டென்ஸ், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட் என்ற இரண்டு ஆஸ்பெக்ட் (மற்ற இரண்டும் இவை இல்லாததும் சேர்ந்ததும்), ‘வில்’ போன்ற மோடல் துணைவினை என்ற பிரிப்பு மிகவும் நேர்மையானது. தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அந்த எண்ணை எழுதுங்கள், எதை எண்ணுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு.

வடிவமும் காலமும் பிரியும் என்பதைத் தமிழ் இலக்கணம் எப்போதோ கண்டு பெயரும் வைத்திருக்கிறது. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருப்பவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதைக் காலவழுவமைதி என்று பள்ளியில் படித்தீர்கள். ‘நாளை வருகிறேன்’ என்பதும் அதுவே. ‘தி ட்ரெயின் லீவ்ஸ் டுமாரோ’ என்ற ஆங்கில வாக்கியம் இதன் உடன்பிறப்பு. ‘இஃப் ஐ நியூ’ என்பதில் வடிவம் இறந்தகாலம், பொருளோ இப்போது தெரியாது என்பது. இங்கெல்லாம் தமிழறிவு உங்களுக்குத் துணை.

ஆனால் அதே துணை ஓரடி தள்ளி நம்மைக் குழியில் விட்டுவிடும். ‘ஐ ஹேவ் சீன்’ என்பதற்குப் ‘பார்த்திருக்கிறேன்’ என்பது அமைப்பிலேயே அழகாகப் பொருந்துகிறது. ஆகவே ‘போன வருடம் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொல்வதுபோல் ‘ஐ ஹேவ் சீன் திஸ் ஃபிலிம் லாஸ்ட் இயர்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் அதை ஏற்பதில்லை. முடிந்துபோன, நாள் குறித்த காலத்தைச் சொல்லும் சொல் வந்துவிட்டால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் வெளியேறிவிட வேண்டும், ‘ஐ சா’ என்றுதான் எழுத வேண்டும். பெர்ஃபெக்ட் என்றால் குறையற்றது என்று பொருள்கொண்டு தவிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முடிக்கப்பட்டது என்பதே பொருள், அதுதான் இலக்கணத்தில் நிற்கிறது.

இப்படி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். தமிழ் இணையைப் பக்கத்தில் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். அதற்கும் பக்கத்தில், எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதை ஒரு வரி எழுதுங்கள். அந்த மூன்றாவது பத்திதான் உங்களுக்குச் சோறு போடும்.

சில பொருத்தங்கள் அருமையானவை. ஃபைனைட் வெர்ப் என்பது முற்று, நான்–ஃபைனைட் என்பது எச்சம் என்று எழுதினால் ஏறக்குறைய முழுப்பொருளும் வந்துவிடும். ஜெரண்ட் என்பது தொழிற்பெயர். ‘ஸ்விம்மிங் இஸ் ஈசி’ என்பதில் நீந்துதல், ஆகவே ஜெரண்ட். ‘தி ஸ்விம்மிங் சைல்ட்’ என்பதில் நீந்துகிற குழந்தை, பெயரெச்சம், ஆகவே பார்ட்டிசிபிள். ஆங்கிலேயரே தடுமாறும் இடத்தில் தமிழ் படித்தவர் தயங்காமல் கடந்துவிடலாம். கிளாஸ் என்பதற்கு மட்டும் தமிழில் எல்லோரும் ஏற்ற ஒரு சொல் நிலைக்கவில்லை. காரணம் எளியது. ‘தி ஸ்டூடன்ட் ஹூ கேம் எஸ்டர்டே’ என்று ஆங்கிலம் தனி எழுவாயும் தனி முற்றும் கொண்ட ஒரு குட்டி வாக்கியத்தை உள்ளே செருகும் இடத்தில், ‘நேற்று வந்த மாணவர்’ என்று நாம் ஒரு பெயரெச்சத்தால் முடித்துவிடுகிறோம். தேவைப்படாத பொருளுக்குப் பெயர் உருவாவதில்லை.

பொருந்தாத இடங்கள் யாப்பில்தான் அதிகம். மாணவனாக இருந்தபோது ஒரு தேர்வில், ஆங்கிலக் கவிதையின் ஒரு வரியில் ஐந்து ஃபூட் இருக்கிறது என்பதை ஐந்து அடி என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு, ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்பது ஐந்தடிப் பாடல் வகை என்று இரண்டு பக்கம் விளக்கி எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், மிகப் பெரியது. சொல்லுக்குச் சொல் ஃபூட் என்றால் அடிதான். ஆனால் யாப்பில் அடி என்பது அவர்களுடைய லைன், ஃபூட் என்பது நம்முடைய சீர். ஐந்து சீர் கொண்ட நெடிலடியோடு பென்டாமீட்டரை ஒப்பிட்டிருந்தால் எண்ணிக்கையளவிலாவது தப்பியிருப்பேன். எண்ணிக்கையோடு ஒப்புமை முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேர், நிரை என்பவை குறில் நெடிலையும் ஒற்றையும் கணக்கிட்டு அமைபவை. ஆங்கிலச் சீர் அழுத்தத்தைக் கணக்கிடுவது. அழுத்தமில்லா அசையைத் தொடர்ந்து அழுத்தமுள்ள அசை வந்தால் ஐயாம். ‘பிகின்’ என்று உச்சரித்துப் பார்த்தால் இரண்டாம் அசையில் குரல் ஊன்றுவது தெரியும். ‘கார்டன்’ இதற்கு நேர்மாறு, அது ட்ரோக்கி. ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லை முதலசையில் ஊன்றினால் பெயர், இரண்டாம் அசையில் ஊன்றினால் வினை. இலக்கணமும் யாப்பும் ஒரே சொல்லில் சந்திக்கும் இடம் அது.

ரைம் என்பதற்கு எதுகை என்று பலரும் எழுதுகிறார்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, அடியின் தொடக்கத்தில் நிற்பது. ரைம் பெரும்பாலும் வரியின் இறுதியில் நிற்பது. நம்மிடம் அதற்கு அருகிலிருப்பது இயைபு. அலிட்டரேஷனை மோனை என்பதில் தவறில்லை, ஆனால் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றினால் போதாது, ஒலி ஒன்ற வேண்டும். ‘கேட்’, ‘சிட்டி’ இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அங்கே அலிட்டரேஷன் இல்லை. நம் மோனையோ சகரத்துக்குத் தகரத்தையும் மகரத்துக்கு வகரத்தையும் இனமாக ஏற்றுக்கொள்ளும் தாராளம் உடையது, ஆங்கிலத்தில் அந்தத் தாராளம் கிடையாது.

மெட்டானிமிக்கு ஆகுபெயர் என்று எழுதியிருப்பீர்கள். ‘கிரவுன்’ என்று சொல்லி அரசாட்சியைக் குறிக்கும்போது அது மிகச் சரி. உறுப்பின் பெயரால் முழுமையைச் சொல்லும் சினெக்டொக்கியும் நம்முடைய சினையாகுபெயரும் கைகோத்து நடப்பவை. ஆனால் ‘பாவை வந்தாள்’ என்பதை நம் இலக்கணம் உவமையாகுபெயர் என்று ஆகுபெயருக்குள் வைக்கிறது; ஆங்கிலக் கணக்கில் அது ஒப்புமையால் வந்தது, எனவே மெட்டஃபர். நம்மிடம் ஆகுபெயர் சொல்லிலக்கணத்தில் பேசப்படுவது, உருவகம் அணியில் பேசப்படுவது. அவர்களிடம் இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் பிரிவினைக்கோடு வேறிடத்தில் விழுகிறது.

நான் மிக அதிகமாகக் காணும் தவறு, பெர்சானிஃபிகேஷனுக்குத் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதுவது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிலின் மேல் கொடிகள் அசைகின்றன. வராதீர்கள் என்று கைகாட்டி மறிப்பதுபோல் அவை அசைந்தன என்கிறார் இளங்கோ. கொடி காற்றில் அசைவது இயல்பாக நடப்பது. அந்த இயல்பான நிகழ்ச்சிக்குக் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார், ஆகவே தற்குறிப்பேற்றம். பெர்சானிஃபிகேஷனுக்கு இந்தக் காரணக் கற்பனை தேவையில்லை. மனிதரல்லாத ஒன்றுக்கு மனிதரின் செயலோ குணமோ கிடைத்துவிட்டால் போதும். கொடி கைகாட்டியது என்ற அளவில் இதிலும் பெர்சானிஃபிகேஷன் உண்டு. பின்னால் வரும் கேட்டை முன்னதாக உணர்த்துவதால் ஃபோர்ஷேடோயிங் உண்டு. பேதட்டிக் ஃபேலசி என்று எழுதலாமா? அந்தத் தொடரை 1856இல் ஜான் ரஸ்கின் உருவாக்கினார். காண்பவரின் உணர்ச்சிவேகம் இயற்கையின் மேல் படிந்து அதைப் பொய்யாகக் காட்டுவதை அவர் அப்படிக் குறித்தார். பேதட்டிக் என்பது இங்கே பரிதாபம் இல்லை, உணர்ச்சி. மதுரையை நோக்கி நடக்கும் அவ்விருவரும் வரப்போவதை அறியாதவர்கள். கொடியின் மேல் படிவது அவர்கள் உணர்ச்சி இல்லை, கவிஞரின் முன்னறிவு. ஆகவே நான் எழுத மாட்டேன். ஒருவர் எழுதி, தகுந்த காரணமும் காட்டினால் மதிப்பெண் போடுவேன். ஒரே இடத்துக்கு மூன்று பெயர் பொருந்துவதில் வியப்பில்லை, மூன்றும் மூன்று வேறு கேள்விகளின் விடைகள்.

ஐரனிக்கு முரண்நகை என்ற சொல் இப்போது வழங்குகிறது. வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதினால் அதன் ஒரு மூலையைத்தான் தொட்டிருப்பீர்கள், சொல்லுக்கும் கருத்துக்கும் இடையிலான வெர்பல் ஐரனியில் ஒரு வகையை. தான் கண்ட பொற்கொல்லரே அரசியின் சிலம்பைத் திருடியவர் என்று அறியாமல் கோவலன் அவரிடம் சிலம்பைக் காட்டும்போது, பாத்திரம் அறியாததைப் படிக்கும் நாம் அறிந்திருக்கிறோம். அது ட்ரமாட்டிக் ஐரனி. யாருக்கு என்ன தெரியும் என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

இலக்கணத்திலும் இலக்கியத்திலும் ஒரே பெயரில் உலவும் சொற்கள் சில உண்டு, அவற்றை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதிவையுங்கள். வாய்ஸ் இலக்கணத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை. கதையில் சொல்பவரின் குரல். மூட் இலக்கணத்தில் வினையின் பாங்கு, ஏவலா கூற்றா என்பது. கவிதையில் அது மனநிலை. இவ்விரு மூட்களும் பிறப்பாலேயே வேறு, முன்னது லத்தீன் வழி வந்த மோட் என்ற சொல்லின் திரிபு, பின்னது மனத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். பெர்சன் மட்டும் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஃபர்ஸ்ட் பெர்சன் கதைசொல்லி என்றால் தன்மையில் சொல்பவர், நாம் இடம் என்று பள்ளியில் படித்தது இங்கே நேரே கைகொடுக்கும்.

இனி உங்கள் தேர்வுத்தாள். ‘பெர்சானிஃபிகேஷன் உள்ளது’ என்பது மருத்துவர் ‘காய்ச்சல் உள்ளது’ என்று எழுதிவிட்டு எழுந்து போவதைப் போன்றது. நம் கதவு வாக்கியத்துக்கே விடை எழுதிப் பார்ப்போம். கதவு எழுப்பும் ஒலியைச் சொல்ல ‘கிரீக்ட்’ என்ற ஒலிக்குறிப்புச் சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் ஆனமடோப்பியா, காதுக்கு ஒரு சத்தம் கிடைத்திருக்கும். எழுதியவர் அதை விலக்கிவிட்டு ‘கம்ப்ளெயின்ட்’ என்ற மனித வினையைத் தேர்ந்திருக்கிறார், இது பெர்சானிஃபிகேஷன். முறையிடுவதற்கு ஒரு குறை வேண்டும், கேட்க ஓர் ஆளும் வேண்டும். ஆகவே அந்த வீட்டில் இரவெல்லாம் உறங்காமல் படுத்திருக்கும் ஒருவர், வாக்கியத்தில் சொல்லப்படாமலேயே, உள்ளே வந்துவிடுகிறார். ‘ஓல்ட்’ என்ற அடைமொழி வெறும் மரக்கதவுக்குப் பழமையைத் தந்திருக்கும், முறையிடும் கதவுக்கோ முதுமையைத் தருகிறது. ‘ஆல் நைட்’ அந்த முறையீட்டுக்கு முடிவில்லை என்கிறது. ‘லைக் அன் ஓல்ட் மேன்’ என்று சேர்த்து சிமிலி ஆக்கியிருந்தால், நாம் தானாகக் கண்டுகொண்ட முதியவரை எழுதியவர் கைநீட்டிக் காட்டியதாகிவிடும், வாக்கியம் அங்கேயே தளர்ந்துபோகும். பெர்சானிஃபிகேஷன் என்ற பெயர் இந்த விடையில் ஒரே ஒரு முறை வருகிறது. மற்றதெல்லாம், இந்தச் சொல்லுக்குப் பதில் வேறு சொல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

அடுத்த கடிதத்தில் எனக்கு ஒன்று எழுதி அனுப்புங்கள். அதே வாக்கியத்தில் கடைசித் தொடரைத் தூக்கி முன்னால் வையுங்கள்: ‘ஆல் நைட் தி ஓல்ட் டோர் கம்ப்ளெயின்ட்.’ சப்ஜெக்ட் மாறியதா, ‘ஆல் நைட்’டின் இனம் மாறியதா, பணி மாறியதா? எதுவும் மாறவில்லை என்று நீங்கள் கண்டால், வாய்விட்டுப் படிக்கும்போது மாறிவிட்டதாகத் தோன்றுவது எது?

அன்புடன்,
ஆசிரியர்